இரண்டு முறையும் நாலே புள்ளி

1970-களின் அமெரிக்கக் கால்பந்து என்று பேச்செடுத்தால் போதும், எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுவார்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்றால் எஃகு ஆலை ஊரின் டீம், முரட்டு உடம்பு, இடித்துத் தள்ளுகிற ஆட்டம். டல்லாஸ் கவ்பாய்ஸ் என்றால் கம்ப்யூட்டர், கணக்கு, கோட்டும் தொப்பியுமாக மைதான ஓரத்தில் அசையாமல் நிற்கும் ஒரு கோச். இரண்டும் சூப்பர் பவுலில், அதாவது வருஷ இறுதிப் போட்டியில், இரண்டு தடவை மோதின, இரண்டு தடவையும் ஸ்டீலர்ஸ் ஜெயித்தது, ஆக உடம்பு ஜெயித்தது, மூளை தோற்றது என்று கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. நடந்தது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு என்பது என் கட்சி. நான் குடியிருப்பது டல்லாஸ் பக்கத்தில், அதனால் இதை இங்கே சத்தமாகச் சொல்வதில் கொஞ்சம் ஆபத்து உண்டு. பரவாயில்லை.

முதலில் ஸ்கோர். 1976 ஜனவரி 18, மயாமி ஆரஞ்ச் பவுல் மைதானம், பத்தாவது சூப்பர் பவுல்: பிட்ஸ்பர்க் 21, டல்லாஸ் 17. மூன்று வருஷம் கழித்து 1979 ஜனவரி 21, அதே மைதானம், பதின்மூன்றாவது சூப்பர் பவுல்: பிட்ஸ்பர்க் 35, டல்லாஸ் 31. இரண்டு முறையும் நாலே புள்ளி. ஒரு டச்டவுனுக்கு (பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதற்கு) ஆறு புள்ளி, அதன் பிறகு உதைக்கும் பந்துக்கு இன்னொரு புள்ளி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரே ஒரு பந்து வேறு மாதிரி போயிருந்தால் அந்தப் பத்தாண்டின் ராஜா யார் என்ற பதிலே மாறியிருக்கும். டல்லாஸ்காரர்களுக்கு இன்னும் வயிறு எரிவதற்கு இதுதான் காரணம், அதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

சரி, டல்லாஸின் மூளை என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? கவ்பாய்ஸ் 1960-இல்தான் பிறந்த டீம், முதல் வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, பதினொன்று தோல்வி, ஒன்று டிரா. ஜெனரல் மேனேஜர் டெக்ஸ் ஷ்ராம் தொலைக்காட்சி உலகத்திலிருந்து வந்தவர், கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் கோச்சுகளின் அபிமானமும் வெறுப்பும் புகுந்து விளையாடுவதைப் பார்த்துவிட்டு, இதை ஒரு இயந்திரத்திடம் விட்டால் என்ன என்று யோசித்தார். ஐபிஎம்-இன் துணை நிறுவனத்திலிருந்து அந்த வேலைக்கு வந்தவர் சலாம் குரேஷி, இந்தியாவிலிருந்து போன புள்ளியியல்காரர். அவருக்குக் கிரிக்கெட் தெரியும், அமெரிக்கக் கால்பந்து தெரியாது. கோச்சுகளுக்குக் கால்பந்து தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. "நல்ல பையன், வேகமா இருக்கான்" என்று ஒரு ஸ்கவுட் (ஊர் ஊராகப் போய் ஆள் தேடுகிறவர்) வாயால் சொல்வதை எண்ணாக மாற்றுவது எப்படி என்று இவர்கள் எல்லோரும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் குணம், சுறுசுறுப்பு, போட்டி மனப்பான்மை, புத்திக்கூர்மை, பலம் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிற முறை வந்தது. இன்றைக்கு எல்லா விளையாட்டிலும் புள்ளிவிவரக் கூட்டம் ஒன்று லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறதே, அதற்கெல்லாம் பாட்டன் இந்த ஏற்பாடு. அதில் நம்ம நாட்டு ஆள் ஒருவரின் கை இருந்தது என்பதை இங்கே இருக்கும் நம்மவர்களிடம் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

மைதானத்தில் அந்த மூளைக்குப் பெயர் டாம் லாண்ட்ரி. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், பிறகு இண்டஸ்ட்ரியல் என்ஜினீயரிங் படித்தவர். அவருடைய தடுப்பாட்டத்துக்கு 'ஃப்ளெக்ஸ்' என்று பெயர். முன்வரிசையில் இரண்டு பேர் கோட்டிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்பார்கள், பந்து அசைந்ததும் பாயக் கூடாது, எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான் என்று படித்துவிட்டுத் தனக்கென்று ஒதுக்கிய இடைவெளியைக் காக்க வேண்டும். ஒவ்வொருவனும் தன் இடத்தைக் காத்தால் ஓடுகிறவனுக்குப் போக்கிடம் இருக்காது. இது வேலை செய்தது, சும்மா சொல்லக் கூடாது: 1966-இலிருந்து 1985 வரை தொடர்ந்து இருபது சீசன் தோல்வியைவிட வெற்றி அதிகம் வைத்திருந்த டீம் அது. எழுபதுகளில் மட்டும் ஐந்து சூப்பர் பவுல் ஆடியது, இரண்டை ஜெயித்தது.

ஆனால் அந்த மூளை ஒரே ஒருவர் தலைக்குள் இருந்தது. குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துகிறவர்) ரோஜர் ஸ்டாபாக் கடற்படை அகாடமியில் படித்தவர், அங்கேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர், வியட்நாமில் பணியாற்றிவிட்டு 27 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர், அவ்வளவு கெட்டிக்காரர். அவருக்கு ஒவ்வொரு பந்துக்கும் ஓடுவதா வீசுவதா, என்ன ஆடுவது என்று முடிவெடுக்கும் உரிமை கிடையாது. லாண்ட்ரி ஒவ்வொரு தடவையும் ஒரு ஆட்டக்காரர் வழியாக உள்ளே சொல்லி அனுப்புவார். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒவ்வொரு பந்துக்கும் பன்னிரண்டாவது ஆள் தண்ணி பாட்டிலோடு ஓடி வந்து கேப்டன் காதில் கோச்சின் உத்தரவைச் சொல்லிவிட்டுப் போவது போல. 1971-இல் சிகாகோவுக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் லாண்ட்ரி இதன் உச்சத்துக்கே போனார், ஸ்டாபாக்கையும் கிரெய்க் மார்ட்டனையும் ஒரு பந்து விட்டு ஒரு பந்து மாற்றி மாற்றி அனுப்பினார். தோற்றார்கள். அதற்குப் பிறகு ஸ்டாபாக்கிடமே பொறுப்பை விட்டார், வரிசையாகப் பத்து ஆட்டம் ஜெயித்து சூப்பர் பவுலையும் தூக்கினார்கள். அப்போதும் உத்தரவு வெளியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

இந்தப் பக்கம் பிட்ஸ்பர்க். 1933-இல் ஆர்ட் ரூனி ஆரம்பித்த டீம், நாற்பது வருஷம் ஒரு பிளே-ஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்று) வெற்றிகூட இல்லாமல் ஓட்டிய டீம். 1969-இல் சக் நோல் கோச்சாக வந்தார், முதல் ஆட்டம் ஜெயித்தார், மீதி பதின்மூன்றையும் தோற்றார். அவர் பேச்சு குறைவு, பத்திரிகைக்காரர்களுக்குத் தலைப்பு தரவே மாட்டார், அதனாலோ என்னவோ லாண்ட்ரிக்குக் கிடைத்த மேதைப் பட்டம் இவருக்குக் கிடைக்கவில்லை. குவாட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா லூசியானாவிலிருந்து வந்த பையன், 1970 டிராஃப்டின் (டீம்கள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆள், இழுத்து இழுத்துப் பேசுவார், ஆரம்ப வருஷங்களில் நிறையத் தப்பு செய்தார். அவருக்கு ஊரே சேர்ந்து வைத்த பெயர் முட்டாள். 1974 சீசன் தொடக்கத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு ஜோ கில்லியமை ஆட வைத்தார்கள். அந்த முட்டாளிடம்தான் நோல் முழு ஆட்டத்தையும் ஒப்படைத்திருந்தார். ஓடுவதா வீசுவதா, யாருக்குப் பந்து என்பதையெல்லாம் மைதானத்துக்குள் நின்று பிராட்ஷாவே முடிவு செய்வார். டல்லாஸ் லைன்பேக்கர் (தடுப்பாட்டக்காரர்) தாமஸ் ஹெண்டர்சன் 1979 ஆட்டத்துக்கு முன்னால், சி, ஏ இரண்டு எழுத்தையும் கையில் கொடுத்தாலும் இவருக்குக் 'கேட்' என்று எழுதத் தெரியாது என்று கிண்டலடித்தார், ஊரெல்லாம் சிரித்தது. புத்திசாலி என்று பெயரெடுத்தவர் சொன்னதைச் செய்துகொண்டிருந்தார், மக்கு என்று பெயரெடுத்தவர் யோசித்துக்கொண்டிருந்தார், இதைத்தான் நான் நேர்மாறு என்கிறேன்.

ஆள் பிடிப்பதிலும் பாருங்கள். பிட்ஸ்பர்க்கிடம் பில் நன் என்று ஒருவர் இருந்தார், 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பின மக்களின் பத்திரிகையில் விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தவர். வருஷா வருஷம் கறுப்பின மாணவர்கள் படிக்கும் கல்லூரிகளின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல் போடுவார், அதனால் தெற்கில் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கோச்சுகள் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய் சாப்பாடு போடுவார்கள். ஸ்டீலர்ஸ் அவரை ஸ்கவுட் ஆக்கியது. அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியில் ஜான் ஸ்டால்வொர்த் என்று ஒரு பையன். பல டீம்களின் ஸ்கவுட்டுகள் கூடி அவன் ஓட்ட நேரத்தை எடுத்தார்கள், தரை ஈரம், நேரம் சுமார்தான். மற்றவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லி அங்கேயே தங்கி, மறுநாள் காய்ந்த தரையில் மறுபடி ஓட விட்டுப் பார்த்தார். போதாததற்கு அந்தக் கல்லூரியின் ஆட்டப் படச்சுருளையும் வாங்கி வந்து திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். 1974 டிராஃப்டில் முதல் சுற்றில் லின் ஸ்வான், இரண்டாவதில் ஜாக் லாம்பர்ட், நான்காவதில் இந்த ஸ்டால்வொர்த், ஐந்தாவதில் மைக் வெப்ஸ்டர். நான்கு பேரும் பின்னால் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது ஆட்டத்தின் மகத்தானவர்களுக்கான கௌரவப் பட்டியலுக்குப் போனார்கள். டல்லாஸும் சின்னக் கல்லூரிகளுக்குப் போகாமல் இல்லை, ரேஃபீல்ட் ரைட் அப்படி வந்தவர்தான், ஹெண்டர்சனும் அப்படித்தான். 1975-இல் பன்னிரண்டு புதுப் பையன்களை ஒரே டிராஃப்டிலிருந்து டீமில் சேர்த்த சாதனையும் அவர்களுடையது. ஆனால் காய்ந்த தரைக்காக ஒரு நாள் காத்திரு என்று எந்த கம்ப்யூட்டரும் சொல்லப் போவதில்லை.

இனி ஆட்டங்கள். 1976 ஆட்டத்தை நான் யூடியூபில் அடிக்கடி பார்ப்பேன், அதில் முதல் பந்திலிருந்தே ஒரு கோளாறு கிளம்பிக் கடைசி வரை போகிறது. முதல் கிக்கை வாங்கிய டல்லாஸின் பிரெஸ்டன் பியர்சன் (பிட்ஸ்பர்க் அந்த சீசனுக்கு முன்னால் கழற்றிவிட்ட ஆள், கவனிக்கவும்) பந்தை ஹெண்டர்சன் கையில் மாற்றிக் கொடுத்தார், அவர் எதிர்ப்பக்கம் திரும்பி 48 யார்டு ஓடினார். கடைசியில் அவரைத் தடுத்தவர் பிட்ஸ்பர்க் கிக்கர் ராய் ஜெரேலா. தடுத்ததில் அவருக்கு விலாவில் அடி. அந்த வலியோடு அவர் உதைத்த இரண்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) தவறியது. இரண்டாவது தவறியதும் டல்லாஸின் கிளிஃப் ஹாரிஸ் போய் ஜெரேலாவின் ஹெல்மெட்டைத் தட்டி, நன்றி அண்ணே என்கிற மாதிரி நக்கல் செய்தார். லாம்பர்ட் வந்தார், முன் பற்கள் இல்லாத அந்த வாயோடு, ஹாரிஸைப் பிடித்து அப்படியே தரையில் வீசினார். வெளியேற்றியிருக்கலாம், நடுவர் விட்டுவிட்டார். அந்த நிமிஷத்தில் டல்லாஸ் 10-7 முன்னிலை. அதற்குப் பிறகு ஆட்டத்தின் வாடையே மாறிவிட்டது.

நாலாவது கால் ஆட்டத்தில் ரெஜி ஹாரிசன் என்ற மாற்று ஆட்டக்காரர் டல்லாஸ் பந்தைத் தூர உதைத்துவிடும் பன்ட்டை முகத்தால் தடுக்கிறார், பந்து டல்லாஸ் பக்க எல்லைக்கு வெளியே போய் பிட்ஸ்பர்க்குக்கு இரண்டு புள்ளி. அப்புறம் அதே ஜெரேலா இரண்டு ஃபீல்ட் கோல் போட்டுவிட்டார். அப்புறம்தான் அந்தப் பந்து. மூன்றாவது முயற்சி (பத்து யார்டு முன்னேற நாலு முயற்சி தருவார்கள்), தேவை நாலு யார்டு. முன்னிலையில் இருந்துகொண்டு நேரத்தை ஓட்ட வேண்டிய நிலையில் எந்தக் கோச்சும் பத்திரமான ஓட்டத்தைத்தான் சொல்லி அனுப்பியிருப்பார். பிராட்ஷா நீளமாக வீசுவது என்று முடிவெடுத்தார். டல்லாஸ் ஆட்கள் பாய்ந்து வருகிறார்கள், ஒருவரை விலகித் தப்பிக்கிறார், வீசி முடித்த கணத்தில் தலையில் அடி விழுந்து மயங்கிச் சரிகிறார். பந்து 64 யார்டு தாண்டி ஸ்வான் கையில். டச்டவுன் ஆன விஷயமே பிராட்ஷாவுக்குப் பிறகுதான் தெரியும். ஸ்வானின் கதையும் லேசுப்பட்டதில்லை, இரண்டு வாரம் முன்னால் ஓக்லாந்து ரெய்டர்ஸ் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர், ஆடுவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அன்று நாலு பந்து பிடித்து 161 யார்டு எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். ஒரு தடுப்பாளர் மேல் விழுந்தபடியே, உருண்டு தரையைத் தொடுவதற்குள் பந்தைத் திரும்பப் பிடித்த 53 யார்டு கேட்ச்சைத்தான் எல்லோரும் போஸ்டர் போட்டு மாட்டுகிறார்கள். அந்த கேட்ச்சால் பிட்ஸ்பர்க்குக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை என்பது போஸ்டரில் இல்லை.

கடைசியில் டல்லாஸ் ஒரு டச்டவுன் போட்டு நெருங்கியது. அதைப் பிடித்தவர் பெர்சி ஹவர்டு, கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர், கால்பந்தே ஆடியதில்லை. அவருடைய மொத்தத் தொழில் வாழ்க்கையிலும் அவர் பிடித்தது அந்த ஒரே பந்து. டல்லாஸ் கண்டெடுத்த ஆட்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்.

1979 ஆட்டம் இதைவிடப் பெரிய கூத்து. இடையில் 1978-இல் விதி மாறியிருந்தது. பந்து பிடிக்க ஓடுகிறவனை ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக் கூடாது என்றார்கள், அதற்குக் காரணமே பிட்ஸ்பர்க்கின் மெல் பிளவுன்ட் எதிராளிகளை மைதானம் முழுக்கத் தள்ளிக்கொண்டே போனதுதான், அந்த விதிக்கே அவர் பெயரைச் சொல்வார்கள். தடுப்பாட்டத்தால் வாழ்ந்த டீமின் பிழைப்பைக் கெடுக்க வந்த விதி. நோல் என்ன செய்தார்? சரி, எல்லோருக்கும் வீசுவது சுலபமாகிவிட்டதா, நாமும் வீசுவோம் என்று டீமின் குணத்தையே திருப்பினார். பிராட்ஷா அந்த சீசனில் 28 டச்டவுன் வீசி லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். முரட்டு டீம் இப்படி ஒரே கோடையில் புத்தகத்தை மாற்றி எழுதாது.

அன்று டல்லாஸ் பக்கம் ஓடியவர் டோனி டார்செட், பிட்ஸ்பர்க் அருகே பிறந்து வளர்ந்து பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், அந்த ஊர்ப் பிள்ளை. ஆரம்பத்திலேயே பிய்த்து உதறினார். பிட்ஸ்பர்க் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் லாண்ட்ரி திடீரென்று ஒரு தந்திரத் திட்டம் சொல்லி அனுப்பினார், கை மாறிக் கை மாறிக் கடைசியில் டிரூ பியர்சன் வீச வேண்டும். கை மாறும்போது பந்து விழுந்தது, பிட்ஸ்பர்க் எடுத்தது, கொஞ்ச நேரத்தில் ஸ்டால்வொர்த் டச்டவுன். ஓடியே ஜெயித்துக்கொண்டிருந்தவனுக்கு என்ன தந்திரம் வேண்டிக் கிடக்கிறது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. பலகையில் வரைந்த அழகான ஆட்டம், அனுப்பியே ஆக வேண்டும் என்ற ஆசை.

மூன்றாவது கால் ஆட்டம், பிட்ஸ்பர்க் 21-14 முன்னிலை, டல்லாஸ் கடைசிக் கோட்டிலிருந்து பத்து யார்டு தூரத்தில். ஜாக்கி ஸ்மித், 38 வயது, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் பதினைந்து வருஷம் ஆடி ஓய்வெடுத்த பிறகு டல்லாஸ் கூப்பிட்டதால் திரும்பி வந்தவர், கோட்டுக்கு அப்பால், பந்தைப் பிடித்தாலே டச்டவுன் ஆகிற எண்ட் ஸோனில் தன்னந்தனியாக நிற்கிறார். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. ஸ்டாபாக் வீசிய பந்து கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் தாழ்வாக வந்தது, ஸ்மித் கால் வழுக்கி உட்கார்ந்தபடியே நெஞ்சில் வாங்கி, நழுவவிட்டார். அந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள், மல்லாக்கச் சாய்ந்து இரண்டு காலும் விறைத்து ஆகாயத்தில் நிற்கிறது. ஏழு புள்ளிக்குப் பதில் மூன்று. கடைசி வித்தியாசம் நாலு. இந்தக் கணக்கைப் போடாத டல்லாஸ் ரசிகர் கிடையாது. தப்பு என் வீச்சில்தான் என்று ஸ்டாபாக் பிறகு பெருந்தன்மையாகச் சொன்னார், ஆனால் ஹால் ஆஃப் ஃபேம் வரை போன ஸ்மித்தின் பெயரைச் சொன்னால் இன்றும் அந்த ஒரு பந்துதான் ஞாபகம் வருகிறது, அநியாயம்.

அடுத்த புகார் நடுவர். ஸ்வானும் டல்லாஸின் பென்னி பார்ன்ஸும் காலில் கால் சிக்கி விழுந்தார்கள், ஃபிரெட் ஸ்வேரிங்கன் பார்ன்ஸ்மேல் தப்பு என்று 33 யார்டு கொடுத்தார். பார்த்தால் எனக்கும் தப்பு ஸ்வான்மேல் என்றுதான் தோன்றுகிறது, டல்லாஸின் கோபம் நியாயம். (1972-இல் ரெய்டர்ஸுக்கு எதிராக பிட்ஸ்பர்க்கின் ஃபிராங்கோ ஹாரிஸ் தரையில் படுவதற்குள் அள்ளியெடுத்து ஓடிய அந்த பிரபலமான பந்தை பிட்ஸ்பர்க்குக்குச் சாதகமாகத் தீர்த்த தலைமை நடுவரும் இவரேதான். ரெய்டர்ஸ் ரசிகர்களிடம் இவர் பெயரை எடுத்துவிடாதீர்கள்.) ஆனால் அந்தத் தீர்ப்பால் புள்ளி வரவில்லை, அடுத்து நடந்ததால்தான் வந்தது. மூன்றாவது முயற்சி, ஒன்பது யார்டு வேண்டும், வீசுவார் என்று மைதானமே நினைக்கிறது. சற்று முன் விசில் ஊதிய பிறகு ஹெண்டர்சன் பிராட்ஷாவை இழுத்துத் தள்ளியிருந்தார், அதைப் பார்த்து ஃபிராங்கோ ஹாரிஸ் கொதித்துப் போயிருந்தார். பிராட்ஷா பந்தை அவரிடம் கொடுத்தார். நேர் நடுவில் 22 யார்டு, யார் கையும் மேலே படாமல் டச்டவுன். ஃப்ளெக்ஸ் கட்டமைப்பில் இதற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறது, ஆனால் கோபமாக இருக்கிற ஒருவனிடம் பந்தைக் கொடு என்று வெளியே நிற்கும் கோச்சுக்கு எப்படித் தோன்றும்? அடுத்த கிக்கில் ஜெரேலா வழுக்கி, பந்து தத்தித் தத்தி, கையில் கட்டுப் போட்டிருந்த டல்லாஸின் ராண்டி வைட்டிடம் போய், அவர் தவறவிட்டு, மறு பந்திலேயே ஸ்வான் டச்டவுன். 35-17. ஸ்டாபாக் கடைசி நிமிஷங்களில் இரண்டு டச்டவுன் போட்டது ஸ்கோரை நாலு புள்ளியாக்கியது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் இருவரும் அன்று 30 தடவை வீசி 17 தடவை சரியாகச் சேர்த்திருந்தார்கள். பிராட்ஷா எடுத்தது 318 யார்டு, ஸ்டாபாக் 228. எண்ணிக்கை ஒன்று, துணிச்சல் வேறு.

பிட்ஸ்பர்க்கைப் புகழ்ந்துகொண்டே போனால் எங்கள் ஆபீஸ் டல்லாஸ் கோஷ்டி ஸ்டீராய்டை எடுத்துவிடுவார்கள். ஸ்டீலர்ஸில் ஆடிய ஸ்டீவ் கோர்சன் 1985-இல் தன் ஸ்டீராய்டு பழக்கத்தைப் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார், உண்மைதான். எழுபதுகளில் லீக் அதைத் தடை செய்திருக்கவில்லை என்பதும் உண்மை. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. மைக் வெப்ஸ்டர் 2002-இல் இறந்த பிறகு அவர் மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு கண்டறிந்ததுதான், தொடர்ந்து தலையில் வாங்கிய அடியால் வரும் சிடிஇ நோய் ஒரு கால்பந்து ஆட்டக்காரரிடம் முதல்முறையாக உறுதியானது. டார்செட் தனக்கும் அதன் அறிகுறிகள் இருப்பதாக 2013-இல் சொன்னார். ஸ்டாபாக் 1980-இல் ஓய்வெடுத்ததற்கும் தலை அடிகள்தான் காரணம், முந்தின சீசனில் பிட்ஸ்பர்க்கில் எல்.சி. கிரீன்வுட் தள்ளியதில் பட்ட அடி உட்பட. பிராட்ஷா மயங்கி விழுந்த அந்த 64 யார்டு வீச்சை இப்போது பார்க்கும்போது கை தட்டுவதா வேண்டாமா என்று தெரிவதில்லை.

தோற்ற பிறகும் 'அமெரிக்காவின் டீம்' என்ற பட்டம் டல்லாஸுக்குத்தான் போனது, 1978 சீசனின் தொகுப்புப் படத்துக்கு வைத்த பெயர், அதாவது பிட்ஸ்பர்க்கிடம் தோற்று முடிந்த அதே சீசன். சியர்லீடர்கள், தொலைக்காட்சி என்று இன்றைய என்எஃப்எல் (இந்த டீம்கள் ஆடும் லீக்) வியாபாரம் முழுக்க டெக்ஸ் ஷ்ராம் வரைந்த படம். பிட்ஸ்பர்க்கில் சியர்லீடர்களே கிடையாது, ரேடியோ வர்ணனையாளர் மைரன் கோப் 1975-இல் மஞ்சள் துண்டை எடுத்துச் சுற்றுங்கள் என்றார், இன்றுவரை சுற்றுகிறார்கள். எண்பதுகளில் எஃகு ஆலைகள் வரிசையாக மூடியதும் அந்த ஊர்க்காரர்கள் வேலை தேடி நாடெங்கும் போனார்கள், துண்டும் கூடவே போனது. டல்லாஸிலேயே ஸ்டீலர்ஸ் ஆட்டம் பார்க்கக் கூடும் பார்கள் உண்டு. எங்கள் ஆபீஸில் பிட்ஸ்பர்க் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் வந்து சேர்ந்தார், மேஜை டிராயரில் துண்டு வைத்திருக்கிறார்.

ஹால் ஆஃப் ஃபேம் கணக்கில்தான் அந்த நாலு புள்ளியின் விலை தெரிகிறது. பிட்ஸ்பர்க் ஆட்கள் எண்பதுகளின் கடைசியிலிருந்தே வரிசை கட்டி உள்ளே போனார்கள். கிளிஃப் ஹாரிஸ் 2020 வரைக்கும், டிரூ பியர்சன் 2021 வரைக்கும் வாசலில் நின்றார்கள். அந்த இரண்டு ஆட்டத்தில் ஒன்று திரும்பியிருந்தால் இத்தனை வருஷம் நின்றிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இவ்வளவையும் சொன்னால் டல்லாஸ்காரர்கள் உடனே 1996 ஜனவரியை இழுப்பார்கள். முப்பதாவது சூப்பர் பவுல், டல்லாஸ் 27, பிட்ஸ்பர்க் 17, பழி தீர்ந்தது என்பார்கள். லாண்ட்ரியைப் புது முதலாளி 1989-லேயே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது, நோலும் 1991 சீசனோடு ஓய்வு பெற்றுவிட்டார், களத்தில் இறங்கியவர்கள் எழுபதுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதை இந்தக் கணக்கில் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன், ஆபீஸில் எத்தனை பேர் சுற்றி நின்று கேட்டாலும் சரி.